கோடரிக்குப் பிடியிட்ட கைகள்

சிறுதொழில் தொடங்க விழையும் பட்டதாரி இளைஞர் முதலில் தேடுவது பணத்தையே. முதல் எங்கே கிடைக்கும் என்ற வினாவோடு தொடங்கும் தேடல் பெரும்பாலும் அவ்வினாவிலேயே நின்றுவிடுகிறது. அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் காணப்பெறும் ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை அணுகிப் பார்ப்போம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அன்சாரித் தோழர் ஒருவர் உதவி வேண்டி வந்தார். அவர் வீட்டில் இருந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று, ஒரு பகுதியை உடுத்தி மறுபகுதியை விரிக்கும் முரட்டுத் துணி. மற்றொன்று நீர் பருகும் கிண்ணம். அவற்றைக் கொண்டுவரச் செய்து நாயகம் அவர்களே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தர முன்வந்தார். மேலும் தருவார் உளரோ என இரண்டு மூன்று முறை கேட்டபின், வேறொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். ஒரு திர்ஹத்திற்குக் குடும்பத்திற்கு உணவும், மற்றதற்குக் கோடரியும் வாங்கிவரப் பணித்தார்கள். வாங்கிவந்த கோடரிக்குத் தம் கையாலேயே பிடியிட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாள் கழித்து வருமாறும் கூறினார்கள். பத்துத் திர்ஹம் ஈட்டியவராய் அவர் திரும்பினார்.

இங்கே வீட்டுச் செலவும் தொழில் முதலும் முதல் நாளிலேயே பிரிக்கப்பட்டன. நம் கடைவீதிகளில் பல கடைகள் மூடப்படுவதற்குக் கல்லாப்பெட்டிக்கும் அடுப்படிக்கும் இடையே சுவர் இல்லாமையே காரணம் என்பது எம் கருத்து. மேலும், உதவி கருவியாகவே அமைந்தது. அதனுடன் ஒரு தவணையும் வைக்கப்பெற்றது.

இன்றைய அமைப்புகளிலும் இக்கூறுகள் சிதறிக் கிடக்கின்றன. 1978 முதல் இயங்கிவரும் மாவட்டத் தொழில் மையமே முதற்படி. 2008-இல் தொடங்கப்பெற்ற பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறுபான்மையினர் சிறப்புப் பிரிவினராவர். 2022-இல் திருத்தப்பெற்ற விதிகளின்படி, அவர்கள் திட்டச் செலவில் 5 விழுக்காட்டைத் தம் பங்காக இட்டால் போதும். மானியம் நகர்ப்புறத்தில் 25, ஊர்ப்புறத்தில் 35 விழுக்காடு. உற்பத்தித் தொழிலுக்கு 50 இலட்சம், சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம் ரூபாய் என்பது திட்டச் செலவின் உச்சவரம்பு. மானியம் கையில் தரப்படுவதில்லை. மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்த பின்னரே கடனில் கழிக்கப்பெறும். இதனை அறியாது அப்பணத்தை நம்பித் திட்டம் தீட்டுவோர் இடர்ப்படுவர். 2020 சூலையில் வந்த உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இடைத்தரகருக்குப் பணம் கொடுத்துப் பதிவு செய்வது வீண்.

எஞ்சிய தொகை வங்கிக் கடன். அதற்கு வட்டி உண்டு. நம் மாணவர் பலர் தயங்கி நிற்பது இவ்விடத்தில்தான். அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. மார்க்கத் தீர்ப்பு ஆலிம் பெருமக்களுக்குரியது. ஆயின் மாற்று வழி உண்டு என்பதைச் சுட்டுதல் நம் கடமை. ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் இட்டு, இலாபத்தை முன்னரே பேசிய விகிதத்தில் பகிர்வது முளாரபா. கவனக்குறைவின்றி நட்டம் நேரின் பணமுடையவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் உழைப்பை இழப்பார். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கோடு நாயகம் அவர்கள் சிரியா சென்ற வணிகம் இவ்வகையினதே. வட்டியில்லா அழகிய கடனும் உண்டு. திருமண விருந்துக்குக் கணக்குப் பாராது செலவிடும் நம் மஹல்லாக்களில், ஒரு தையல் இயந்திரம் வாங்கித் தரும் நிதி இல்லாதிருப்பது வருந்தத்தக்கது.

எழுத்தில் ஒப்பந்தம் இன்றி இத்தகைய கூட்டில் இறங்கலாகாது. கடனை எழுதி வைக்குமாறு திருமறை விரிவாகவே பணிக்கிறது. உறவினரிடை என்றால் இது இன்னும் இன்றியமையாதது.

இனி, சந்தை. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, சஃது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ அதற்காக வாழ்த்திவிட்டு, சந்தை இருக்கும் இடத்தை மட்டும் கேட்டறிந்தார். அன்று மாலை அவர் கையில் இருந்தவை சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும்.