பெட்டி மாறலாம், கணக்கு மாறலாமா?

உறுப்பினர் கல்விப் பகுதி
(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடவும்)



கூட்டமைப்பு அலுவலகத்தின் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பழுப்பேறிப்போன பெட்டி, பக்கத்தில் கரகரவென்று சத்தம் போட்டு அச்சடிக்கும் பிரிண்டர். இருபது வருஷத்துக்கு மேலாக நம் குழுக்களின் சேமிப்பு, கடன், வட்டி, நிலுவை எல்லாம் அதில்தான் இருந்தன. ஒருநாள் காலையில் கணக்காளர் சுவிட்சைப் போட்டார். மூச்சே இல்லை. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஓடியது. ஆனாலும் அன்றைக்கு எங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

"புதுசு ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு. டி.வி. மாத்துற மாதிரிதானே?" என்று செயற்குழுவில் ஒரு அக்கா கேட்டார்.

நல்ல கேள்விதான். ஆனால் டி.வி.க்குப் படம் வெளியிலிருந்து வருகிறது. நம் கணக்கோ அந்தப் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. இந்த மாற்றத்தை நாங்கள் எப்படிச் செய்தோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். இது கணக்காளருக்கு மட்டுமான பாடம் இல்லை. பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் உரிய பாடம்.

1. பெட்டி வேறு, மென்பொருள் வேறு, கணக்கு வேறு

வீட்டில் ஒரு பீரோ. அதில் கணக்கு நோட்டு. அதை எழுதத் தெரிந்த ஓர் ஆள். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பெட்டி என்பது பீரோ. மென்பொருள், அதாவது சாப்ட்வேர், எழுதத் தெரிந்த ஆள். நம் சேமிப்பும் கடனும் பதிந்திருக்கும் கோப்புகள்தான் நோட்டு. பீரோ கடையில் கிடைக்கும். எழுத வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம். நோட்டு தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் முதலில் காப்பாற்ற வேண்டியது நோட்டைத்தான்.

2. பழைய மென்பொருள் புதுப் பெட்டியில் ஏன் ஓடாது?

நம்முடையது டாஸ் காலத்து மென்பொருள். பாக்ஸ்புரோவில் எழுதியது. இன்றைக்குக் கடையில் வாங்கும் கம்ப்யூட்டர்களில் வருவது 64 பிட் விண்டோஸ். 2021-இல் வந்த விண்டோஸ் 11 அந்த வகையில் மட்டுமே வருகிறது. டாஸ் மென்பொருளை நேரடியாக ஓட்டும் வசதி அதில் இல்லை. ஆகவே அப்படியே காப்பி செய்து போட்டால் திறக்காது.

"அப்ப பழைய பெட்டியையே ரிப்பேர் பார்த்து ஓட்டலாமே?" என்பீர்கள். கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம். ஆனால் உதிரி பாகம் கிடைப்பது வரவரக் கஷ்டம். இன்னொன்று பாதுகாப்பு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்ட் நிறுவனம் வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட பழைய பெட்டியை இன்டர்நெட்டில் இணைத்து வைப்பது, பூட்டு இல்லாத வீட்டில் நகையை வைத்த மாதிரி.

சின்ன விஷயம் ஒன்றும் உண்டு. பெட்டிக்குள் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். கரண்டு இல்லாதபோதும் தேதியை நினைவில் வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் வட்டிக் கணக்கும் தவறும். பழைய பெட்டி தினமும் தேதி கேட்டால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். செலவு அதிகம் ஆகாது.

3. நமக்கு இருக்கும் வழிகள்

முதல் வழி: புதுப் பெட்டிக்குள்ளேயே பழைய பெட்டி போல நடிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் நம் பழைய மென்பொருளை ஓட்டுவது. டாஸ்பாக்ஸ், விர்ச்சுவல் பாக்ஸ் போன்றவை இந்த வேலைக்கு இருக்கின்றன. ஆனால் டாஸ்பாக்ஸ் பழைய விளையாட்டுகளுக்காக உருவானது. கணக்கு வேலைக்கு நம்புவதற்கு முன், பதிவது சரியாக நிற்கிறதா, அச்சு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி: கணக்குக் கோப்புகளைப் பிரித்தெடுத்துப் புது மென்பொருளில் ஏற்றுவது. பாக்ஸ்புரோவின் டி.பி.எப். கோப்புகளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளிலேயே அட்டவணையாகத் திறந்து பார்க்கலாம். அசலைத் தொடக்கூடாது, நகலைத்தான் திறக்க வேண்டும்.

மூன்றாவது வழி: ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒவ்வொரு உறுப்பினரின் இருப்பையும் நிலுவையையும் எடுத்து, அதையே தொடக்க இருப்பாக வைத்துப் புதிதாகத் தொடங்குவது. பழைய வருஷக் கணக்கை அச்சடித்து பைண்டு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். பழைய கணக்கைத் திருப்பிப் பார்க்க மட்டும் முதல் வழியையும் வைத்துக்கொண்டோம்.

4. கை வைப்பதற்கு முன்

• தீர்மானம் போடுங்கள். எந்தத் தேதிக் கணக்கோடு மாறுகிறோம், யார் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மாத முடிவில் கணக்கை முடித்துவிட்டு மாற்றுவது நல்லது.

• அச்சு எடுங்கள். குழு வாரியாகவும் உறுப்பினர் வாரியாகவும் சேமிப்பு, கடன் நிலுவைப் பட்டியலை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பிறகு சண்டை வந்தால் சாட்சி சொல்லப்போவது அந்தக் காகிதம்தான்.

• மூன்று பிரதி எடுங்கள். மென்பொருளை மூடிவிட்டு, அதன் முழு போல்டரையும் காப்பி செய்ய வேண்டும். ஒன்றிரண்டு கோப்பை மட்டும் எடுத்தால் பாதி கணக்குதான் வரும். ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்கில், இன்னொன்று அலுவலகத்துக்கு வெளியே பூட்டிய இடத்தில் இருக்கட்டும். எடுத்த பிரதியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக்கூடாது.

• வயரையும் பாருங்கள். சில பழைய மென்பொருளுக்கு, பிரிண்டர் சொருகும் இடத்தில் சின்னப் பூட்டு ஒன்று சொருகியிருப்பார்கள். அது இல்லாமல் திறக்காது. புதுப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தச் சொருகும் இடமே இருப்பதில்லை. பழைய பிரிண்டருக்கும் இதே சிக்கல் வரும்.

• எழுத்தைப் பாருங்கள். பழைய மென்பொருளில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பழைய எழுத்துருவில் இருக்கலாம். புதுப் பெட்டியில் அது புரியாத கிறுக்கலாகத் தெரியும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. கிறுக்கலைப் பார்த்துப் பயந்துபோய் அழித்துவிடாதீர்கள்.

5. மொத்தம் சரி, ஆள் தப்பு!

இப்போது நாங்கள் தடுக்கிய இடத்துக்கு வருவோம். கணக்கை ஏற்றி முடித்ததும் குழு வாரியாக மொத்தம் பார்த்தோம். சேமிப்பு சரி. கடன் நிலுவை சரி. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம், டீ கூட வாங்கிக் குடித்தோம்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் நிலுவைப் பட்டியலை வாசித்தபோது ஒரு அம்மா எழுந்துவிட்டார்.

"நான் கடனை அடைச்சு ஆறு மாசம் ஆச்சேம்மா. எம் பேர்ல எப்படிப் பன்னெண்டாயிரம் நிக்குது?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருதும்மா" என்றார் கணக்காளர்.

"கம்ப்யூட்டர் என்னத்தையாவது சொல்லிட்டுப் போகட்டும். எம் பாஸ்புத்தகத்தைப் பாரு தாயி!"

பாஸ்புத்தகத்தில் நிலுவை இல்லை. ஊக்குநர் கையெழுத்தும் இருந்தது. தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அந்தக் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர். கணக்கை ஏற்றிய தம்பி உறுப்பினர் எண்ணை வைத்துச் சேர்க்காமல், பெயரை வைத்துச் சேர்த்துவிட்டார். ஒருவருடைய கடன் இன்னொருவர் தலையில் ஏறிவிட்டது. கடன் குழுவுக்குள்ளேயே இருந்ததால் மொத்தம் மாறவில்லை. அதனால் எங்கள் கண்ணில் படவும் இல்லை.

அந்த அம்மா மட்டும் பாஸ்புத்தகத்தை எடுத்து வராமல் இருந்திருந்தால்? அடைத்த கடனை மறுபடி கட்டச் சொல்லியிருப்போம். வாங்கிய கடனுக்கு இன்னொருவர் கட்டாமலே போயிருப்பார். பதினைந்து வருஷம் சேர்ந்திருந்த குழு அதோடு உடைந்திருக்கும். பணத்தை விட அதுதான் பெரிய நஷ்டம்.

அன்றைக்கே அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு எல்லாக் குழுவிலும் உறுப்பினர் எண், பெயர், பாஸ்புத்தகம் மூன்றையும் வைத்து ஒவ்வொருவராகச் சரிபார்த்தோம். மூன்று வாரம் பிடித்தது. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டிலும் கணக்குப் பதிந்தோம். கணக்காளருக்கு இரட்டை வேலைதான். ஆனால் இரண்டு மாத முடிவிலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகுதான் பழையதை நிறுத்தினோம்.

6. பழைய பெட்டியை என்ன செய்வது?

பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடக்கூடாது. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கில் நம் பெயர், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாம் இருக்கலாம். அதைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். மற்ற பாகங்களை மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். இதற்கான விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்பட்டு நடைமுறையில் உள்ளன.

கூட்டத்தில் கேளுங்கள்!

உங்கள் கூட்டமைப்பில் கம்ப்யூட்டரோ மென்பொருளோ மாற்றப் போகிறார்கள் என்றால் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். படிக்காதவர்களும் கேட்கலாம்.

1. எந்தத் தேதிக் கணக்கோடு மாற்றுகிறீர்கள்? தீர்மானம் போட்டாயிற்றா?
2. பிரதி எத்தனை? எங்கே இருக்கிறது? திறந்து பார்த்தீர்களா?
3. உறுப்பினர் எண்ணை வைத்து ஏற்றினீர்களா, பெயரை வைத்தா?
4. என் பாஸ்புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தது யார்?
5. கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரியுமா? அவர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது?

கேள்வி கேட்டால் கணக்காளர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். எங்கள் கணக்காளர் இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "அன்னிக்கு அந்த அம்மா எழுந்து கேட்கலைன்னா, நான்தான் திருடின்னு பேர் வாங்கியிருப்பேன்."

சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் மறக்காமல் பாஸ்புத்தகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். ஊக்குநர் நிலுவைப் பட்டியலை வாசிக்கட்டும். அவரவர் புத்தகத்தில் அவரவர் விரல் வைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கச்சி படித்துச் சொல்லட்டும்.