மேல்முறையீடும் நாள் கணக்கும்

கண்ணகி பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்துக் காட்டியதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். உள்ளே இருந்தவை முத்துக்கள் அல்ல, மாணிக்கப் பரல்கள். அரசனும் தன் தவற்றை உணர்ந்தான். ஆனால் அதற்கு முன்பே கோவலன் வெட்டுண்டு கிடந்தான். கோர்ட்டு மொழியில் சொன்னால், தண்டனை நிறைவேறிய பிறகு வந்த முறையீடு அது. தீர்ப்பைத் திருத்த வழியுள்ளபோதே மீண்டும் பார்ப்பதற்குத்தான் மேல்முறையீடு இருக்கிறது. கணித மாணவனாகிய நான் அதன் நாள் கணக்கைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

என் பெரியப்பாவின் பம்புசெட்டுக் குழாய் பக்கத்து நிலத்தில் செல்வதாகவும், அதை அகற்ற வேண்டும் என்றும் முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே தீர்ப்பு நகலைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. "தோற்றாச்சு, விட்டுவிடு" என்றனர் சிலர். "மேல் கோர்ட்டில் புதுச் சாட்சி போட்டு முதலிலிருந்து நடத்தலாம்" என்றனர் வேறு சிலர். இரண்டும் சரியன்று.

முன்சீப் தீர்ப்பின் மேல் சார்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே சாட்சியம், சட்டம் இரண்டையும் நீதிபதி மறுபடி எடைபோடுவார். ஆனால் கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியமே பெரும்பாலும் அடிப்படை. கீழ்க் கோர்ட்டு தவறாக மறுத்த சான்று, எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்காத சான்று போன்றவற்றுக்கே புதிதாக இடம் உண்டு. அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு என்றால், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாக வேண்டும். எனவே குழாய் யார் நிலத்தில் செல்கிறது என்ற வாதத்துக்குச் சார்பு நீதிமன்றமே ஏறத்தாழக் கடைசி இடம்.

இனி கணக்கு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதாகவே எங்கள் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அப்படியன்று, தீர்ப்பு நாளை மட்டும் விட்டுவிட்டு மறுநாளே எண்ணத் தொடங்க வேண்டும். நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். பெரியப்பா வழக்கில் தீர்ப்பு ஜூன் 10. ஜூன் 11 முதல் எண்ணினால் ஜூலை 10இல் 30 நாள் முடிகிறது. நகலுக்கு மனுச் செய்தது ஜூன் 14, நகல் தயாரானது ஜூலை 4. இரு நாட்களையும் சேர்த்தால் 21 நாள். ஆகக் கடைசி நாள் ஜூலை 31. நகல் தயாரான பின் வாங்காமல் கிடக்கும் நாட்களுக்குக் கழிவு கிடையாது. இந்தத் தேதிகள் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். நம் ஆய்வகக் குறிப்பேட்டைவிட ஒழுங்காகத்தான் இருந்தது!

கெடு தவறினால்? தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுத்தருளக் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் தாமதம் 883 நாள். கட்சிக்காரர் வழக்குரைஞரை நம்பியிருந்து ஏமாந்தவர். கீழ்க் கோர்ட்டு மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்களின் எண்ணிக்கை அன்று, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. எனினும் இதை நம்பி உட்கார்ந்திருப்பவரை நான் புத்திசாலி என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. மேல்முறையீட்டைத் தாக்கல் செய்ததாலேயே கீழ்த் தீர்ப்பு நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனுப் போட வேண்டும். பெரு நட்டம் வரும் என்று காட்ட வேண்டும். கோர்ட்டு பிணையும் கேட்கலாம். செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்குரைஞரைக் கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் இதில் வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பெரியப்பா ஜூலை 22இல் இரு மனுக்களையும் சேர்த்தே தாக்கல் செய்தார். இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது. மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடுகிறது, கடலை பூத்திருக்கிறது.