மனச்சோர்வு நோயும் மூளையின் மின்னலைகளும்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. நீரிழிவை அறிய இரத்தப் பரிசோதனை உண்டு. மனச்சோர்வு நோயை ஆராயும் வைத்தியருக்கோ நோயாளரின் வாய்ச்சொல்லும் முகக்குறிப்புமே இன்றும் பெருஞ் சான்றுகளாக உள்ளன. சிகிச்சையால் தேறிய ஒருவர், "இவ்வாரம் மனம் சரியில்லை" என்று வந்து நிற்பாராயின், நோய் மீண்டதோ, அன்றி இழப்பு நேர்ந்தவிடத்து எவருக்கும் வரும் துயரந்தானோ எனத் துணிதல் எளிதன்று. முன்னதெனிற் சிகிச்சையை மாற்றுதல் வேண்டும். பின்னதெனிற் பொறுத்திருத்தலே தக்கது. இவ்விரண்டையும் பிரித்தறிய மூளையின் மின்னியக்கம் உதவுமா என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவு செய்தவர் ஜேர்மனியின் ஜேனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பேர்கர். 1924இற் பெற்ற பதிவினை 1929இலேதான் அவர் வெளியிட்டார். கண்மூடி ஓய்ந்திருக்கையிற் செக்கனுக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்தடங்கும் அலையொன்று, கண் திறந்ததும் குன்றுதலை அவர் கண்டார். வலிப்பு நோயை அறிதற்கு இம்முறை பெருந்துணையாயிற்று. மனநோய்க்கு அது அவ்வளவு எளிதிற் கைகொடுக்கவில்லை. தலையின்மேல் வைக்கும் மின்வாய்கள் மூளையின் ஆழத்து நிகழ்வுகளைத் தெளிவாகக் காட்டமாட்டா.

ஆழத்தே சென்றவர்களுள் ஹெலன் மேபேர்க் குறிப்பிடத்தக்கவர். வேறெச் சிகிச்சைக்கும் இணங்காத 6 நோயாளரின் மூளையில், இருபத்தைந்தாம் பகுதி எனப்படும் இடத்தருகே மின்வாய்களைப் பொருத்தி, இடையறாத மின் தூண்டலை அவரும் கனடாவின் ரொறன்ரோ நகரத்து மருத்துவர்களும் அளித்தனர். 4 பேர் தேறினர் என 2005இல் அறிவிக்கப்பட்டது. உற்சாகம் பெருகிற்று. ஆயின், 90 பேரிடம் நடத்தப்பெற்றுப் பின்னர் 2017இல் வெளியான சோதனையில், ஆறு மாத முடிவில் தூண்டல் பெற்றோருள் நூற்றுக்கு 20 பேரும், கருவி பொருத்தியும் தூண்டல் பெறாதோருள் 17 பேருமே முன்னேற்றங் கண்டனர். இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. எனினும் ஈராண்டு தொடர்ந்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்னேறினர். சிகிச்சை வீணோ, அன்றி அதனை எப்போது எவ்வளவு அளிப்பதென்பதை அறியும் அளவுகோல்தான் இல்லையோ என்ற ஐயம் எழுந்தது.

2023இல் வெளியான ஆய்வொன்று இவ்வையத்தை நேராகவே எதிர்கொண்டது. தூண்டலை அளிப்பதோடு அவ்விடத்து மின்னியக்கத்தைப் பதிவும் செய்யவல்ல கருவி 10 பேருக்குப் பொருத்தப்பட்டது. 24 வாரங்களில் 9 பேர் முன்னேறினர். 7 பேரிடம் நோய் தணிந்தே போயிற்று. நோயுற்ற நிலைக்கும் தேறிய நிலைக்கும் இடையே வேறுபடும் மின்குறியொன்றினை, அப்பதிவுகளிலிருந்து கணினியின் துணைகொண்டு ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். நோய் மீண்ட ஒருவரின் பதிவைப் பின்னோக்கிப் பார்த்தபோது, வெளியே யாதொரு குறியும் தோன்றாத காலத்தில், ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னரே அம்மின்குறி மாறியிருந்தது!

பத்துப்பேர் மிகச் சிறு தொகையே. மேலும் இது மண்டையோட்டைத் துளைத்துச் செய்யும் சிகிச்சையாதலின், பிற வழிகள் யாவும் அடைபட்டோர்க்கே உரியது. தலையிற் கருவியை வைத்து வரைபடம் எடுத்து, இன்ன மருந்தே உமக்கு ஏற்குமென்று உறுதி கூறும் விளம்பரங்களுக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. இவ்வாய்வாளர் நோயாளரின் முகங்களையும் படம்பிடித்து ஆராய்ந்தனர் என்பது நமக்குச் சுவையாகத் தோன்றுகிறது. மின்குறி மாறிய காலத்தை ஒட்டியே அவர்தம் முகபாவமும் மாறியிருந்ததாம்.