ஆபத்துக்கு முன் ஆயத்தம்



2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் திரண்டிருந்தனர். கரையோரக் குப்பங்களில் வலை காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தனர். அன்று காலை ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சுமத்திராத் தீவை அடுத்த கடலடியில் பூமி அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் எழும்பிய பேரலை நம் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இரண்டு மணி நேரம் சிறிய நேரமன்று. நடக்கமாட்டாத கிழவியைத் தோளில் சுமந்துகொண்டும் ஒரு மைல் உள்ளே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் நமக்குத் தெரியாமலே கழிந்தது. சில இடங்களில் கடல் உள்வாங்கியதைக் கண்டவர்கள், அது ஓடவேண்டிய அடையாளம் என்று அறியாமல், வேடிக்கை பார்க்கக் கரைக்குச் சென்றனர்.

பழி சுமத்துவதற்காக இதை நினைவூட்டவில்லை. மறுமுறை அப்படி நேராதிருக்க யார் யார் என்ன செய்யவேண்டும் என்பதே இன்றைய பாடம். கடமை மூவருக்கு உண்டு: ஊரார், இளையோர், சட்டம் செய்வோர். இம்மூவரில் ஒருவர் அசட்டையாயிருந்தாலும் மற்ற இருவருடைய பிரயாசை வீணாகிவிடும்.

1. ஊராரின் கடமை

அதே ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் ஒரு செய்தி நிலையம் இயங்கிவந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்பும், காற்று எப்படி வீசும் என்ற விவரங்களைக் கம்ப்யூட்டர் மூலம் தெரிந்து, ஒலிபெருக்கியில் அறிவிப்பது அங்கே வழக்கம். அதைக் கேட்டுத்தான் மீனவர்கள் கடலுக்குப் போவார்கள்.

அன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் வாலிபர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். இங்கே தண்ணீர் ஊருக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. செய்தி நிலையத்துக்கு ஆள் ஓடிற்று. கதவு பூட்டியிருந்தது, உடைத்துத் திறந்தார்கள். எல்லாரும் உடனே வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கி முழங்கிற்று. ஏறக்குறைய 500 குடும்பங்கள், மூவாயிரத்துக்கு மேற்பட்டோர், ஓடித் தப்பினர். வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தொலைபேசி எத்தனையோ ஊர்களில் இருந்தது. ஆனால் ஒருவர் காதில் விழுந்த செய்தியை ஒரே நிமிஷத்தில் ஊர் முழுவதுக்கும் கொண்டுபோகும் வழி எத்தனை ஊர்களில் இருந்தது? ஒலிபெருக்கி மட்டும் இருந்தாலும் போதாது. அந்தக் குரலை நாள்தோறும் கேட்டு, அது சொல்வது மெய் என்று ஜனங்கள் கண்டிருந்ததால்தான், அன்று அது ஓடு என்று சொன்னதும் ஓடினார்கள். ஆகையால் ஊராரின் முதற்கடமை, ஊர் முழுவதும் நம்பிக் கேட்கும் ஒரு குரலை ஏற்படுத்தி, அதைச் சாதாரண நாட்களிலும் பயன்படுத்திவருவது.

2. இளையோரின் கடமை

ஊரார் ஒத்திகை செய்தால் மட்டும் போதுமா? தவறான ஒத்திகை ஆளையே கொல்லும் என்பதற்கு ஜப்பான் தேசத்தில் நடந்த சம்பவம் சாட்சி.

வடகிழக்கு ஜப்பானின் கரையில் கமாயிஷி என்னும் நகரம் இருக்கிறது. 1896-ம் ஆண்டிலும் 1933-ம் ஆண்டிலும் பேரலைகளால் பெருஞ்சேதம் அடைந்த கரை அது. பிற்காலத்தார் பெரிய தடுப்புச் சுவர்களைக் கட்டி, இனி பயமில்லை என்றிருந்தனர். கட்டாடா என்னும் பேராசிரியர் அந்நகரப் பள்ளிகளுக்கு வந்தபோது, வீட்டில் தனியாக இருக்கையில் பூமி அதிர்ந்தால் என்ன செய்வாய் என்று பிள்ளைகளைக் கேட்டார். அம்மாவுக்காகக் காத்திருப்பேன் என்ற விதமாகவே பலர் எழுதினர். அந்த விடைத்தாளை வீட்டுக்கு அனுப்பி, இப்படிச் செய்தால் உங்கள் பிள்ளை பிழைக்குமா என்று பெற்றோரைக் கேட்கச் செய்தார். பெற்றோர் திடுக்கிட்டனர். அன்றுமுதல் பள்ளிப் பாடம் வீட்டுப் பாடமும் ஆயிற்று. கணக்குப் பாடத்தில் அலையின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். பள்ளியிலிருந்து மேட்டுக்கு ஓடிப் பழகினார்கள்.

அவர் கற்பித்த விதிகள் மூன்று. முதலாவது: அலை இதுவரைதான் வரும் என்ற கணிப்பை நம்பாதே. இரண்டாவது: அந்நேரத்தில் உன்னால் இயன்றதையெல்லாம் செய். மூன்றாவது: மற்றவருக்காகக் காத்திராமல் நீயே முதலில் ஓடு. மூன்றாவது விதி சுயநலம் போலத் தோன்றும். அப்படியன்று. யாராவது ஒருவர் ஓடுவதைக் கண்டால்தான் மற்றவர் எழும்புவார்கள் என்பது மனித சுபாவம். பிள்ளை தானாக மேடேறிவிடும் என்று தாய்க்கு உறுதி இருந்தால், அவளும் பிள்ளையைத் தேடிக் கடற்பக்கம் ஓடி மாளமாட்டாள்.

2011-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி பிற்பகல் 2.46 மணிக்குப் பூமி அதிர்ந்தது. கமாயிஷியில் உனோசுமாய் என்னும் பகுதியில் நடுநிலைப் பள்ளி மாணவர் உடனே ஓடத் தொடங்கினர். அடுத்திருந்த ஆரம்பப் பள்ளியின் சிறுவர்கள் முதலில் மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்தனர். பெரிய பிள்ளைகள் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி ஓடினர். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டனர். முன்னேற்பாட்டின்படி சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தபோது, பின்புறச் சரிவு இடிந்திருக்கக் கண்டு, இது போதாது என்று இன்னும் மேலே சென்றனர். பிறகு அதைவிட மேலே ஏறினர். அவர்கள் முதலில் நின்ற இடம் நீரில் மூழ்கிற்று. விட்டுவந்த பள்ளியின் மூன்றாம் மாடியில் ஒரு மோட்டார் வண்டி செருகிக்கொண்டு நின்றது.

அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். ஆனால் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளில், பள்ளியின் பொறுப்பில் இருந்த ஒருவரும் மாளவில்லை. பத்திரிகைகள் இதைக் கமாயிஷிப் புதுமை என்று எழுதின. பிழைத்த பிள்ளைகளோ, இது புதுமையன்று, நாங்கள் பழகியது என்றார்கள்.

அதே உனோசுமாயில் புதிதாகக் கட்டப்பட்ட ஒரு பேரிடர்த் தடுப்பு நிலையமும் இருந்தது. அது பேரலைக்குரிய புகலிடமன்று. தாழ்வான இடத்தில் இருந்தது. ஆனால் மேட்டுக்கு ஏறுவது முதியோருக்குச் சிரமம் என்று ஒத்திகைகளை அங்கேயே நடத்திவந்தனர். ஆபத்து நாளில் ஜனங்கள் பழகிய இடத்துக்கே சென்றனர். நூற்றறுபதுக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர் என்று நகரசபை பின்னர் மதிப்பிட்டது. ஒரே ஊர், ஒரே அலை. மேட்டுக்கு ஓடிப் பழகிய பிள்ளைகள் பிழைத்தனர். வசதியான இடத்தில் பழகிய பெரியோர் மாண்டனர்.

ஆகையால் வாலிபர்களே, கூட்டத்தில் நாற்காலி போடுவதோடு உங்கள் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். ஒத்திகை மெய்யான இடத்தில், மெய்யான தூரத்துக்கு நடக்கிறதா என்று பார்த்துக் கேள்வி கேட்பது உங்கள் கடமை. பெரியோர்களே, அவர்கள் கேட்டால் கோபிக்காதீர்கள்.

3. சட்டம் செய்வோரின் கடமை

அதே நாளில், கமாயிஷிக்குத் தெற்கே இஷினோமாக்கி நகரைச் சேர்ந்த ஒக்காவா ஆரம்பப் பள்ளியில் வேறு விதமாக நடந்தது. அங்கே படித்த பிள்ளைகள் 108 பேர். பூமி அதிர்ந்தபின் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் அவர்கள் மைதானத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. எங்கே போவது என்று பெரியோருக்குள் முடிவாகவில்லை. கடைசியில் ஆற்றங்கரைப் பக்கமாகப் புறப்பட்டபோது அலை வந்து சேர்ந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டனர்.

அப்பள்ளியில் விதிப்புத்தகம் இல்லாமலில்லை. பேரலை வந்தால் அருகிலுள்ள காலியிடத்துக்கோ பூங்காவுக்கோ போகவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அப்படிப்பட்ட தகுந்த இடம் ஒன்றும் அங்கே இல்லை! யாரோ எழுதி, யாரோ கையெழுத்திட்டு, அலமாரியில் வைத்த காகிதம் அது. நடந்து பார்த்தவர் யாருமில்லை.

மாண்ட பிள்ளைகளில் 23 பேரின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 2018-ல் செண்டாய் உயர் நீதிமன்றம், அலை வந்த நேரத்துப் பிழையை மட்டும் பார்க்கவில்லை. அதற்கு முன்பே சரியான ஏற்பாடு செய்யத் தவறிய குற்றம் பள்ளியையும் நகரக் கல்வி அதிகாரிகளையும் சாரும் என்று தீர்ப்பளித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியதால் அத்தீர்ப்பு நிலைத்தது. அதிகாரத்தில் உள்ளோர் ஒவ்வொருவரும் மனதில் கொள்ளவேண்டிய தீர்ப்பு இது. ஆபத்து நாளில் தடுமாறுவது மனித பலவீனம். அதற்கு முந்தின நாட்களில் சும்மா இருப்பது கடமை தவறுதல்.

நம் தேசத்திலும் சட்டம் உண்டு. கடற்கோள் நடந்த மறு வருஷம், 2005 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி தேசத்துக்குப் பிரதமர் தலைமையிலும், மாநிலத்துக்கு முதலமைச்சர் தலைமையிலும், மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைமையிலும் ஓர் ஆணையம் உண்டு. மாவட்ட ஆணையத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இணைத் தலைவராக இருக்கவேண்டும். மாவட்டத்துக்கென ஒரு திட்டம் எழுதப்பட்டு, ஆண்டுதோறும் திருத்தப்படவேண்டும். 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையமும் இயங்குகிறது.

நல்லது. ஆனால் ஐதராபாத்திலிருந்து புறப்படும் எச்சரிக்கை நம் குப்பத்துக் கடைசி வீட்டுக்கு எப்படி வந்து சேரும்? அந்தக் கடைசி ஒரு மைலைச் சட்டம் தானாக நடந்து வராது. சட்டசபை அங்கத்தினர் சபையில் எழுந்து, என் தொகுதியின் திட்டம் இவ்வருஷம் திருத்தப்பட்டதா, புகலிடத்துக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் மூழ்குகிறதா, அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டதா என்று கேட்கவேண்டும். அவர் கேட்கவேண்டுமானால், ஊரார் முதலில் அவரைக் கேட்கவேண்டும்.

4. நம் ஊரில் செய்யத்தக்கவை

முதலாவது, வாலிபர்கள் சேர்ந்து ஊரின் படம் ஒன்று வரையட்டும். வீடுகள், கிணறுகள், பள்ளமான தெருக்கள், மேட்டுக்குப் போகும் வழிகள் யாவும் அதில் இருக்கட்டும். தனியாக வசிக்கும் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், கண்பார்வையற்றோர் உள்ள வீடுகளைக் குறித்து, அவ்வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமிக்கட்டும். ஒருவர் கடலுக்குப் போயிருந்தால் மற்றவர் இருப்பார்.

இரண்டாவது, கையில் கடிகாரத்துடன் நடந்து பாருங்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய், தடி ஊன்றும் ஒரு முதியவர், இவர்கள் மேட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள். இரவிலும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

மூன்றாவது, எந்த ஓசை எச்சரிக்கை என்று தீர்மானியுங்கள். ஒலிபெருக்கியானாலும் கோவில் மணியானாலும், சாவி யாரிடம், அவர் இல்லாதபோது யாரிடம், சாவியே கிடைக்காவிட்டால் பூட்டை உடைக்க யாருக்கு உரிமை என்பதை இன்றே பேசி முடியுங்கள்.

நான்காவது, இந்த விவரங்களை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் சபை கூடுகிறது. வெறும் குறை சொல்லாமல், இந்த வாய்க்காலுக்குப் பாலம் இல்லாததால் இத்தனை வீட்டார் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது, இத்தனை நிமிஷம் வீணாகிறது என்று கணக்கோடு சொல்லி, தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். அதன் நகலைச் சட்டசபை அங்கத்தினருக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். கணக்கோடு வரும் மனுவைத் தள்ளிவிடுவது கடினம்.

கடல் இல்லாத ஊரார் இது நமக்கல்ல என்று எண்ணவேண்டாம். உங்களுக்கு ஏரி உண்டு, ஆறு உண்டு, மழைக்காலம் உண்டு. ஓடவேண்டிய திசை வேறாயிருக்கலாம், ஆயத்தம் ஒன்றே.

உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் குறித்த நாள் நவம்பர் 5. நம் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலமும் அதுவே. பள்ளிப் பிள்ளைகளை முன்னே நடத்தி, ஊர் முழுவதும் மேட்டுக்கு நடந்துபோக அதைவிடத் தகுந்த நாள் வேறு வேண்டுமா?

ஆலோசனைக்குரிய கேள்விகள்

1. இன்றிரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால், நம் ஊரில் அதை முதலில் அறிபவர் யார்? அவர் யாரை எழுப்புவார்?

2. உன் வீட்டில் ஓடமுடியாதவர் யார்? அவரைத் தூக்கிச் செல்வதாக ஒப்புக்கொண்ட இருவர் யார்?

3. கடைசியாக நடந்த ஒத்திகை மெய்யான புகலிடத்தில் நடந்ததா, வசதியான இடத்தில் நடந்ததா?

4. நம் மாவட்டத் திட்டத்தில் நம் ஊரைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது? அதைப் பார்த்துவர யாரை அனுப்பலாம்?