பெருந்தொற்றும் ஒரு வாடகைக் கார் நிறுவனமும்

வணிகவியல் பயில்வோர் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்யும் சொற்களுள் 'தேய்மானம்' என்பதும் ஒன்று. ஒரு பொருளை வாங்கிய நாள்முதலாக அதன் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. அக்குறைவை ஆண்டுதோறும் நட்டமாக எழுதிக்கொண்டு வரவேண்டும். தேர்வில் ஐந்து மதிப்பெண் பெற்றுத் தருவதோடு நாம் அதை மறந்துவிடுகிறோம். இந்தச் சொல்தான் நூறாண்டு கடந்த ஒரு பெருநிறுவனத்தை நீதிமன்றப் படியேற வைத்தது என்றால் நம்புவது கடினம். 2020ஆம் ஆண்டின் கொரோனா பெருந்தொற்று அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனத்தை என்ன செய்தது, அந்நிறுவனம் அதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை நான் படித்தறிந்த அளவில் இங்கே எழுத முற்படுகிறேன். பயணிகள் வரவில்லை, ஆகவே நிறுவனம் நொடித்தது என்று ஒரே வரியில் கூறிவிடலாம். அது பாதி உண்மையே.

1918ஆம் ஆண்டு சிகாகோ நகரில் வால்ட்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் ஃபோர்டு 'மாடல் டி' வண்டிகள் பன்னிரண்டை வைத்துக்கொண்டு தொடங்கிய தொழில் இது. 1923இல் ஜான் ஹெர்ட்ஸ் அதை விலைக்கு வாங்கினார், பெயர் அவருடையதாயிற்று. பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு எனப் பல கைகள் மாறியது. 2005இல் ஃபோர்டு இதனைத் தனியார் முதலீட்டுக் குழுக்களுக்கு விற்றது. அடுத்த ஆண்டே பங்குகள் சந்தைக்கு வந்தன. 2012இல் போட்டி நிறுவனமான டாலர் திரிஃப்டியை ஏறக்குறைய 230 கோடி டாலர் கொடுத்து ஹெர்ட்ஸ் வாங்கியது. வாங்குவதும் விற்பதுமாக நடந்த இந்த ஆட்டத்தில் கடன்சுமை ஏறிக்கொண்டே வந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தொழிலின் அடிப்படை

வாடகைக் கார் தொழிலில் வருமானம் வாடகையிலிருந்து வருகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது இரு முனைகளில் நடக்கும் வாணிகம். காரைத் தயாரிப்பாளரிடம் மொத்தமாக வாங்குகிறார்கள். ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ வாடகைக்கு ஓட்டுகிறார்கள். பிறகு பழைய கார் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடே தேய்மானம். வாடகை வருமானம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் இலாபம். ஆக, வாடகைக் கார் நிறுவனம் என்பது ஒரு வகையில் பழைய கார் வியாபாரியும்கூட. ஹெர்ட்ஸுக்கு இன்னொரு தன்மையும் உண்டு: வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விமான நிலையக் கிளைகளிலிருந்து வந்தது. விமானம் பறந்தால்தான் கார் உருளும்.

அமெரிக்காவில் மட்டும் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட கார்கள். இத்தனை கார்களை வாங்கக் கைப்பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஏற்பாடு இருக்கிறது. கார்களை ஹெர்ட்ஸ் நேரடியாகத் தன் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கென ஒரு துணை நிறுவனம். அத்துணை நிறுவனம் கார்களை ஈடுகாட்டிக் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டும். கார்களை ஹெர்ட்ஸுக்குக் குத்தகைக்கு விடும். ஹெர்ட்ஸ் மாதந்தோறும் குத்தகை கட்டும். 2020 மார்ச் இறுதியில் நிறுவனத்தின் மொத்தக் கடன் ஏறக்குறைய 1,900 கோடி டாலர். அதில் 1,440 கோடி டாலர் அளவு இவ்வாறு கார்களின்மேல் வாங்கப்பட்டது. கையிலிருந்த ரொக்கமோ ஏறக்குறைய 100 கோடி டாலர்.

பத்திரம் வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்லர். பழைய கார் விலை சந்தையில் குறைந்தால், அக்குறைவை ஈடுகட்டும் அளவுக்குக் குத்தகைப் பணம் உயரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தனர். நமக்குப் பழக்கமான உதாரணம் கூறுவதாயின், நகையை அடகு வைத்தவனிடம் வட்டிக்கடைக்காரர் வந்து, "தங்கம் விலை இறங்கிவிட்டது, இன்னும் இரண்டு சவரன் கொண்டுவந்து வை, இல்லையேல் பணத்தைக் கட்டு" என்று கேட்பதைப் போன்றது. விலை ஏறும் காலத்தில் இந்த ஒப்பந்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. தொல்லையெல்லாம் இறங்கும் காலத்தில்தான்.

இரண்டு மாதங்கள்

2020 மார்ச் மாதம் அமெரிக்காவில் பயணம் நின்றது. ஏப்ரல் 14ஆம் நாள் அந்நாட்டு விமான நிலையங்களின் சோதனைச் சாவடிகளைக் கடந்தவர்கள் 87,534 பேர் மட்டுமே. முந்தைய ஆண்டு அதே காலத்தில் நாளொன்றுக்கு 22 இலட்சம் பேர். நூறில் நான்கு பேர்! கார்கள் திறந்த வெளிகளில் வரிசை வரிசையாக நின்றன.

சரி, ஓடாத கார்களை விற்றுக் கடனைக் கட்டலாமே என்று கேட்கத் தோன்றும். கார் ஏலக்கூடங்களும் மூடிக் கிடந்தன. பழைய கார்களின் மொத்த விலைக் குறியீடு ஏப்ரல் ஒரே மாதத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. வாடகை வரவில்லை, விற்க வழியில்லை, விலை சரிந்ததால் கடன்காரருக்குக் கூடுதல் பணம் கட்டவேண்டும். மூன்று கதவுகளும் ஒரே நேரத்தில் அடைபட்டன. ஏப்ரல் இறுதியில் ஹெர்ட்ஸ் குத்தகைத் தவணையைக் கட்டத் தவறியது.

நிறுவனம் சும்மா இருந்துவிடவில்லை. புதிய கார்களுக்குக் கொடுத்திருந்த கட்டளைகளைக் குறைத்தது, கிளைகளை ஒன்றிணைத்தது, வட அமெரிக்காவில் 10,000 பணியாளர்களை நீக்கியது. உலகெங்கும் அதன் பணியாளர் ஏறக்குறைய 38,000 பேர் என்பதால், நான்கில் ஒருவருக்கு மேல் வேலை இழந்தார். இதே புயலில்தான் போட்டி நிறுவனமான ஏவிஸும் சிக்கியது. ஆனால் அது மே மாதத்திலேயே உயர்ந்த வட்டிக்கு 50 கோடி டாலர் கடன் பெற்றுத் தாக்குப்பிடித்தது. ஹெர்ட்ஸின் கடன்காரர்கள் மே 22 வரை தவணை நீட்டித்தனர். அதற்குமேல் உடன்பாடு ஏற்படவில்லை. அன்றே டெலவேர் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயப்படி ஹெர்ட்ஸ் மனுச் செய்தது.

இந்த அத்தியாயம் நாம் 'மஞ்சள் கடுதாசி' என்று சொல்லும் திவாலிலிருந்து வேறுபட்டது. கடையை மூடவேண்டியதில்லை. கடன்காரர்களின் கைகளை நீதிமன்றம் தற்காலிகமாகக் கட்டிவைக்கும். நிறுவனம் தொழிலை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைத்துக்கொள்ளலாம்.

மனுச் செய்வதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த ஒன்றை என்னால் விட்டுச்செல்ல இயலவில்லை. நிறுவனத்தைவிட்டு விலகிவிடாமல் இருப்பதற்காக என்று மேல்நிலை அலுவலர் ஏறக்குறைய 340 பேருக்கு 162 இலட்சம் டாலர் வழங்கப்பட்டது. புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை அலுவலர் பால் ஸ்டோனுக்கு அதில் 7 இலட்சம். மூழ்கும் கப்பலில் மாலுமி வேண்டும் என்பது மேலாண்மை நூல்கள் தரும் நியாயம். அதை நான் முற்றும் மறுக்கவில்லை. ஆனால் காரைத் துடைத்துச் சாவி கொடுத்தவனை ஏப்ரலில் அனுப்பிவிட்டு மே மாதம் இதைச் செய்வது, சட்டத்திற்கு உடன்பட்டதாயினும், என் மனத்திற்கு உடன்பாடில்லை.

பங்குச் சந்தையின் வேடிக்கை

நிறுவனத்தில் ஏறக்குறைய 39 விழுக்காடு பங்கு வைத்திருந்த பெருஞ்செல்வர் கார்ல் ஐகான், மனுச் செய்த சில நாட்களில் பங்கு ஒன்றை 72 சென்ட்டுக்கு விற்று வெளியேறினார். அவருக்கு 160 கோடி டாலருக்கு மேல் நட்டம். பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதே அறிஞர் துணிபு. ஆனால் வீட்டிலடைந்து கிடந்த சிறு முதலீட்டாளர் பலர் கைபேசி வழியே அதே பங்கை வாங்கிக் குவித்தனர். ஜூன் 8இல் விலை 5 டாலரைத் தாண்டியது! நிறுவனம் இதையும் வாய்ப்பாகக் கண்டது. திவாலில் இருந்தபடியே புதிய பங்குகளை விற்க நீதிமன்ற அனுமதி பெற்றது. 'இப்பங்குகள் இறுதியில் மதிப்பற்றுப் போகலாம்' என்று விற்பனை அறிக்கையிலேயே அச்சிட்டிருந்தனர். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையம் கேள்வி எழுப்பவே, 2.9 கோடி டாலர் திரட்டியதோடு விற்பனை நின்றது.

நீதிமன்றத்திற்குள் நடந்த வழக்காடலே உண்மையான பாடம். வேண்டாத 1,44,000 கார்களின் குத்தகையை மட்டும் துறந்துவிடுகிறோம் என்றது ஹெர்ட்ஸ். ஒப்பந்தம் ஒன்றே ஒன்று. வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் வைத்துக்கொள், விட்டால் எல்லாவற்றையும் விடு என்றனர் பத்திரக்காரர்கள். எல்லாவற்றையும் விட்டால் மறுநாள் தொழில் இல்லை. ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது: ஆண்டு முடிவதற்குள் 1,82,000க்கு மேற்பட்ட கார்களை விற்கவேண்டும், ஆறு மாதங்களில் 65 கோடி டாலர் குத்தகை கட்டவேண்டும். அக்டோபரில் 165 கோடி டாலர் புதுக்கடன் கிடைத்தது.

இதற்குள் காற்று திசைமாறியது. பேருந்துக்கும் விமானத்திற்கும் அஞ்சியவர்கள் சொந்தக் கார் தேடினர். மின்னணுச் சில்லுகள் கிடைக்காமல் புதிய கார் உற்பத்தி தடைபட்டது. பழைய கார் விலை 2021இல் வரலாறு காணாத உயரத்தை எட்டியது. எந்தச் சரிவு ஹெர்ட்ஸை வீழ்த்தியதோ, அதன் மறுதலையான ஏற்றமே தூக்கி நிறுத்தியது. வாடகைக் கார்களுக்கு எங்கும் தட்டுப்பாடு. ஹவாய்த் தீவுக்குச் சென்ற சுற்றுலாப் பயணிகள் கார் கிடைக்காமல் வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிகளை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றினர். நொடித்த நிறுவனத்தை வாங்க முதலீட்டுக் குழுக்கள் போட்டியிட்டன. நைட்ஹெட், செர்ட்டாரெஸ், அப்போலோ ஆகியோர் வென்றனர். 2021 ஜூன் 30ஆம் நாள் ஏறக்குறைய 500 கோடி டாலர் கடன் நீங்கிய நிலையில் ஹெர்ட்ஸ் நீதிமன்றத்தைவிட்டு வெளிவந்தது. பங்குதாரருக்கும் பங்கொன்றுக்கு ஏறக்குறைய 8 டாலர் மதிப்பு கிட்டியது. அறிஞர் கைவிட்ட பங்கை அறியாமையால் வாங்கியவர்கள் இலாபம் பார்த்தனர். இதைக் கொண்டு யாரும் முதலீட்டுக் கொள்கை வகுத்துவிட வேண்டாம்.

நிறுவனத்தின் திறமை இதில் எவ்வளவு? நேரம் வாங்கிக் கொடுத்தது என்ற அளவில் நீதிமன்ற வழி சரியான முடிவே என்பது என் கருத்து. ஆனால் மீட்சியைக் கொடுத்தது சந்தை. மலிவாக இருந்தபோது விற்றவற்றை விலையேறியபின் திரும்ப வாங்கவேண்டி வந்ததையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வெளிவந்த நான்காம் மாதம், 2021 அக்டோபரில், டெஸ்லா மின்கார்கள் ஒரு இலட்சம் வாங்கப்போவதாக ஹெர்ட்ஸ் அறிவித்தது. 2023இல் டெஸ்லா தன் புதிய கார்களின் விலையைப் பலமுறை குறைத்தது. ஹெர்ட்ஸ் கையிலிருந்த பழைய டெஸ்லாக்களின் மதிப்பும் கூடவே இறங்கியது. பழுதுபார்க்கும் செலவோ எதிர்பார்த்ததைவிட மிகுதி. 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்கப்போவதாக நிறுவனம் அறிவித்து, முந்தைய காலாண்டுக் கணக்கில் அவற்றுக்காக 24.5 கோடி டாலர் கூடுதல் தேய்மானம் எழுதியது. மார்ச் மாதம் தலைமை அலுவலரும் விலகினார்.