கண்மாயில் பெருகாத கொசு தொட்டியில் பெருகுவது ஏன்?

காய்ச்சல் பிரிவில் பிள்ளைக்குத் துணையிருக்கும் தாய்மார் எங்களிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "கம்மாய்ப் பக்கமே போனதில்ல, வீட்டையும் சுத்தமாத்தான் வச்சிருக்கோம், டெங்கு எப்படி வந்துச்சு?" நியாயமான கேள்வி. உயிரியலின் தொடக்கப் பாடம் ஒன்றில் இதற்கு விடை இருப்பதால், இவ்விதழில் அதனையே எழுதுகிறோம்.

ஓர் உயிரினம் பிறந்து, உண்டு, இனம் பெருக்கும் இடத்தை அதன் வாழிடம் என்கிறோம். எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கண்மாய் ஒவ்வொன்றும், மழை பெய்து நிரம்பியபின், ஒரு வாழிடம். அங்கே பாசி வெயிலின் துணையால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பாசியையும் நுண்ணுயிர்களையும் கொசுப்புழு உண்கிறது. கொசுப்புழுவை நீர்ப்பூச்சிகளும் சிறு மீன்களும் உண்கின்றன. மீனைக் கொக்கு கொத்துகிறது. இவ்வரிசையே உணவுச் சங்கிலி. வயல்வெளியில் பறக்கும் தட்டான் தன் இளமையை நீருக்கடியில் கழிப்பதைப் பலர் அறியார். சிறகு முளைக்கும் வரை அது கொசுப்புழு முதலியவற்றை வேட்டையாடியே வளர்கிறது.

வீட்டுத் தொட்டியும் வாழிடமே. கரிசல் பூமியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும்; தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இங்கே குடும்பம் நடத்த இயலாது. அவ்வாறு நிரப்பி வைத்த டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும், கொல்லையில் கிடக்கும் சிரட்டையிலும் பழைய டயரிலும் கொசுப்புழுவுக்குத் தூசியும் இலைத்துணுக்கும் உணவாகின்றன. ஆனால் அதனை உண்பதற்கு அங்கே மீனும் இல்லை, தட்டானின் குஞ்சும் இல்லை. சங்கிலி பாதியிலேயே அறுந்து நிற்கிறது.

டெங்குவைப் பரப்பும் 'ஏடிஸ் எஜிப்டி' கொசு இவ்விடத்தை விரும்புவது தற்செயல் அன்று. அதன் முன்னோர் ஆப்பிரிக்கக் காடுகளில், மரப்பொந்துகளில் தேங்கிய மழைநீரில் முட்டையிட்டவை. மீன் புகாத சிறு நீர்நிலையே அதற்குப் பழகிய வீடு. பாய்மரக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் வளர்ந்து அது கடல் கடந்தது. (கண்மாயிலும் கொசு உண்டு, அவை வேறு இனத்தவை.)

முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவேதான் வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவிடுமாறு கூறுகிறோம். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. பெண்கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய்நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். பின்னர் இடைவெளியின்றி மூடுதல், அல்லது வெள்ளைத் துணியால் வேடுகட்டுதல் நலம்.

கிணற்றில் கப்பி மீன் விடுவது அறுந்த சங்கிலியை மீண்டும் இணைக்கும் முயற்சியே. எனினும் எஞ்சிய மீனைக் கண்மாயில் கொட்டிவிட வேண்டாம். 1928-இல் இதே நோக்கத்துடன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீன், உள்நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னத் தொடங்கியது. கொசுவை உண்ணும் நம் மீன்களையே அழிப்பதில் என்ன பயன்?

இச்சங்கிலியில் நோயாளிக்கும் ஓர் இடமுண்டு. கொசு பெரும்பாலும் கிருமியோடு பிறப்பதில்லை. காய்ச்சலில் இருப்பவரைக் கடித்தே பெறுகிறது. ஏறத்தாழ 8 முதல் 12 நாள் கழித்து அது அடுத்தவருக்குப் பரப்பும் நிலையை அடைகிறது. நெடுந்தொலைவு பறக்காத கொசு ஆதலால், அந்த அடுத்தவர் பெரும்பாலும் அதே வீட்டாரோ பக்கத்து வீட்டாரோ ஆவார். இக்கொசு கடிப்பது பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும். எனவே காய்ச்சல் உள்ள நாள்களில் நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்கவும்.

மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம்; அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் தணிந்தவுடன் நோய் தீர்ந்ததென எண்ணிவிடுவோர் பலர். அப்போதுதான் கூடுதல் கவனம் தேவை. கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறுகளில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், இரவென்றும் பாராமல் உடனே அழைத்து வாருங்கள்.