ஃபார்மட் செய்வதற்கு முன் ஒரு பென்டிரைவ்!

மடிக்கணினியை ஆன் செய்தால் விண்டோஸ் வரமாட்டேங்குது. கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம் வந்து நிற்குது. இல்லேன்னா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்"னு சொல்றாங்க. சரின்னு தலையாட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்க. பிள்ளையின் ப்ராஜெக்ட், ஸ்கேன் செய்த பத்திரம், குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் உள்ளேதானே இருக்கு?

விண்டோஸ் கெடுவது வேறு, ஹார்டு டிஸ்க் கெடுவது வேறு. பீரோவின் பூட்டு மக்கர் செய்தால், உள்ளே இருக்கும் பொருள் போய்விட்டதாக அர்த்தமில்லை. இன்னொரு சாவி போட்டுத் திறக்கலாம். அந்தச் சாவிதான் பென்டிரைவ்.

பயாஸ் என்ன செய்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற சிறு நிரல். புதிய கணினிகளில் இருப்பது இதன் வாரிசான யு.இ.எஃப்.ஐ. பேச்சில் அதையும் பயாஸ்னுதான் சொல்றோம். மெமரி, கீபோர்டு எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, எந்த டிஸ்க்கில் இயங்குதளம் இருக்கிறது என்று ஒரு வரிசைப்படி தேடும். அந்த வரிசைக்குப் பெயர் பூட் ஆர்டர். வழக்கமாக ஹார்டு டிஸ்க் முதலில் இருக்கும். "இந்த ஒரு தடவை பென்டிரைவைப் பார்" என்று நாம் சொல்லப்போகிறோம், அவ்ளோதான்.

தயார் செய்வது எப்படி?

1. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கோங்க. அதில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும். அதனால் காலியானதாகப் பாருங்க. கோப்புகளை நகலெடுக்க இன்னொரு பென்டிரைவோ வெளி ஹார்டு டிஸ்கோ தனியாக வேண்டும்.

2. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இலவசமாக இறக்குங்க. பழைய கணினிக்கு இது இலகுவானது. கோப்பு சுமார் 3 ஜிபி. வைஃபை இருந்தால் நல்லது.

3. வேறு கணினி இருந்தால் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மென்பொருளால் பென்டிரைவில் எழுதலாம். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனே போதும்: எட்ச்டிராய்டு செயலியைப் போட்டு, ஓடிஜி இணைப்பில் பென்டிரைவைச் செருகி எழுதலாம். கோப்பை அப்படியே காப்பி, பேஸ்ட் செய்தால் வேலை செய்யாது.

லினக்ஸ் என்றதும் தயங்க வேண்டாம். 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது.

பென்டிரைவில் இருந்து துவக்குதல்

பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, கணினியை முழுசா அணைத்துவிடுங்க. பென்டிரைவைச் செருகி ஆன் செய்த உடனே, நிறுவனத்தின் சின்னம் தெரியும்போதே, பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கிட்டே இருங்க. பெரும்பாலான மாடல்களில்:

டெல், ஏசர், லெனோவா – எஃப்12
எச்பி – எஸ்கேப், பிறகு எஃப்9
ஏசுஸ் – எஸ்கேப்

சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அலுவலகங்களில் உள்ள டெல் பவர்எட்ஜ், எச்பி புரோலியன்ட் சர்வர்களுக்கு எஃப்11. வரும் பட்டியலில் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்க. இது ஒரு முறைக்கு மட்டும்தான். நிரந்தர வரிசை மாறாது.

பென்டிரைவ் பட்டியலில் இல்லையா? வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்க. பிறகு பயாஸ் அமைப்புக்குள் போங்க. டெல், ஏசர், ஏசுஸில் எஃப்2, எச்பியில் எஃப்10. அங்கே யுஎஸ்பி பூட் இயக்கத்தில் இருக்கிறதா, ஃபாஸ்ட் பூட் அதைத் தடுக்கிறதா என்று கவனிங்க. ஏசரில் எஃப்12 பூட் மெனு என்பதையே முதலில் இயக்க வேண்டியிருக்கலாம். மாற்றியதை எஃப்10 அழுத்திச் சேமிங்க. எந்த அமைப்பை மாற்றுவதற்கு முன்பும் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைங்க.

செக்யூர் பூட் அமைப்பை அவசரப்பட்டு அணைக்காதீங்க. மின்ட், உபுன்டு போன்றவை அது இயக்கத்தில் இருக்கும்போதே துவங்கும். பிட்லாக்கர் போட்ட கணினியில் அதை மாற்றினால், அடுத்த தடவை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; டிஸ்க்கைத் திறக்கவும் அதுவே தேவைப்படும்.

கோப்புகளை எடுத்தல்

மின்ட் திறந்ததும் முகப்பில் "இன்ஸ்டால்" என்று ஒரு ஐகான் இருக்கும். அதைத் தொடாதீங்க, தொட்டு நிறுவினால் பழைய கோப்புகள் போய்விடலாம். ஃபைல் மேனேஜரில் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ளதைப் பாருங்க. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் இரண்டாவது பென்டிரைவுக்கு நகலெடுங்க. நாலைந்து கோப்புகளைத் திறந்து சரிபார்த்த பிறகே ஃபார்மட்டுக்குக் கொடுங்க.

டிஸ்க் 'டிக் டிக்'குன்னு சத்தம் போட்டாலோ, பயாஸிலேயே தெரியாவிட்டாலோ அதோடு நிறுத்திடுங்க. அது டிஸ்க் பழுது. திரும்பத் திரும்ப ஆன் செய்தால் சேதம் கூடும். தரவு மீட்பு நிபுணரிடம் காட்டுங்க.

இன்னொரு விஷயம். நீங்கள் இப்படிப் பாஸ்வேர்டு கேட்காமல் கோப்புகளை எடுக்க முடிந்தால், கணினி கைக்குக் கிடைக்கும் யாராலும் எடுக்க முடியும். பயாஸுக்குக் கடவுச்சொல் வைப்பது ஓரளவு தடுக்கும். டிஸ்க்கையே கழற்றி வேறு கணினியில் மாட்டுவதை அது தடுக்காது. அதற்குப் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் வேண்டும். மீட்பு எண்ணை மட்டும் அந்தக் கணினிக்கு வெளியே எழுதி வைங்க.

சான்றிதழ்களை டிஜிலாக்கரில் திரும்பப் பெறலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தை எந்த அலுவலகமும் மறுபடி வழங்காது. அதற்கு ஒரு நகல் இன்னைக்கே எடுத்து வைங்க.